டீல் ரூபி: ஏவப்படாத ராணுவ ஆய்வுச் செயற்கைக்கோளின் சோதனைகளைப் பள்ளிக் கண்காட்சியில் காட்டுவது எப்படி?

அயோத்தியாபட்டணம் ஆசிரியை கேட்டது:

வணக்கம். சேலம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு டீல் ரூபி செயற்கைக்கோளை எடுத்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படையின் பி80-1. கட்டி முடித்தும் விண்வெளிக்குப் போகாமல் நின்றுவிட்டது. அட்டையில் மாதிரி செய்து, பக்கத்தில் நான்கு வரி எழுதி ஒட்டுவதோடு விட எனக்கு மனமில்லை. அதில் என்னென்ன சோதனை செய்ய நினைத்தார்கள், அதன் தத்துவத்தைப் பிள்ளைகள் கையாலேயே செய்து காட்ட முடியுமா என்று தெரிய வேண்டும்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே மலைப்பாதையும் சேலம் நகரமும் தெரியும். அங்கே ஒரு வெப்பக் கேமராவை வைத்து வண்டிகளைக் கண்டுபிடித்துக் காட்டலாமே என்பது பிள்ளைகளின் யோசனை. நடக்குமா? இன்னொன்று, சேலஞ்சர் விண்ணோட விபத்தால் மட்டும்தான் இது ரத்தானதா? நடுவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

---

சேர்வராயன் அடிவாரம் பதில்:

டீச்சர், நல்ல தலைப்பு. கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டீல் ரூபி 1970-களின் பிற்பகுதியில் டார்பாவும் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை) விமானப்படையும் சேர்ந்து தொடங்கிய திட்டம். செயற்கைக்கோளைக் கட்டியது ராக்வெல். சுமார் 740 கிமீ உயரம், நிலநடுக்கோட்டுக்கு 72 பாகைச் சாய்வு கொண்ட சுற்றுப்பாதை திட்டமிடப்பட்டது. வடதுருவப் பக்கமாக வரக்கூடிய குண்டுவீச்சு விமானங்களையும் குரூஸ் ஏவுகணைகளையும் அவற்றின் சூட்டை (அகச்சிவப்புக் கதிரை) வைத்து மேலிருந்து பார்க்க முடியுமா என்பதுதான் சோதனையின் நோக்கம். அதற்கு உயர்ந்த சாய்வு வேண்டும். கென்னடி மையத்திலிருந்து விண்ணோடம் வழக்கமாக எட்டும் எல்லை 57 பாகை. அதற்கு மேல் போனால் பாதை மக்கள் வாழும் நிலத்தின் மீது போகும். ஆகவே கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க்கில், கடல் பக்கம் தெற்கு நோக்கி ஏவ முடிவானது. பயணத்தின் பெயர் எஸ்டிஎஸ்-62-ஏ. 6 என்பது 1986 நிதியாண்டு, 2 என்பது வாண்டன்பெர்க், ஏ என்பது அங்கிருந்து முதல் பயணம். ஓடம் டிஸ்கவரி, தளபதி ராபர்ட் கிரிப்பன். விமானப்படைத் துணைச் செயலர் எட்வர்ட் ஆல்ட்ரிஜும் குழுவில் இருந்தார்.

1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் வெடித்தது. இந்தப் பயணம் அதே ஆண்டின் நடுவில் புறப்பட இருந்தது. விபத்தே காரணம் என்று அங்கேயே முடித்துவிடாதீர்கள். ஏவுதளமே அதற்குள் சிக்கலில் இருந்தது. ஆறாம் ஏவுவளாகத்தின் மூடிய சுடர்க்கால்வாயில், இயந்திரம் இடையில் நிறுத்தப்பட்டால் எரியாத ஹைட்ரஜன் தேங்கி வெடிக்கலாம் என்ற கவலை இருந்தது. கடற்கரைப் பனிமூட்டத்தில் எரிபொருள் தொட்டி மேல் உறைபனி படியும் தொல்லையும் இருந்தது. (அதே வளாகம் முதலில் ஆட்கள் தங்கும் ராணுவ ஆய்வுக்கூடத்துக்காகக் கட்டப்பட்டது. அந்தத் திட்டமும் 1969-இல் ரத்தானது.) விண்ணோடம் 1988 செப்டம்பரில் மறுபடி பறந்தபோது வாண்டன்பெர்க் வளாகம் மூடிக் கிடந்தது. 1989-இல் அங்கே விண்ணோடத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

செயற்கைக்கோளோ விண்ணோடத்தின் சரக்கறைக்கு ஏற்ப வடிவமைத்தது. வேறு ராக்கெட்டில் வைப்பதென்றால் தாங்கு சட்டம், அதிர்வுச் சோதனை எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். இதற்கிடையே பத்தாண்டு பழைய உணரி ஆகிவிட்டது. ஆக மூன்று காரணம்: ஓடம் நின்றது, தளம் மூடியது, தொழில்நுட்பம் பழசானது. நடுவரிடம் இந்த வரிசையில் சொல்லச் சொல்லுங்கள்.

முக்கியச் சோதனைக்கு வருகிறேன். விமானத்தின் சூடு மங்கலாக இருப்பது பாதிச் சிக்கல்தான். பின்னால் இருக்கும் பூமியும் சூடாக இருக்கிறது என்பதே பெரிய சிக்கல். 300 கெல்வினில் உள்ள தரை 9.7 மைக்ரான் அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கிறது. மேகம், ஏரி, காடு, வயல் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வெப்பம். அந்தக் குழப்பத்துக்குள் ஒரு விமானம் ஒரு படப்புள்ளியைக்கூட நிரப்பாது.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பது. 4.3 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடும் 2.7 மைக்ரானை ஒட்டி நீராவியும் கதிரை விழுங்குகின்றன. அந்தப் பட்டையில் மேலிருந்து பார்த்தால் கீழ்க்காற்று திரைபோல் நின்று தரையை மறைக்கும், உயரத்தில் பறக்கும் விமானம் மட்டும் தெரியும். சூடான புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, பட்டையின் இரு ஓரங்களிலும் சற்று வெளியே கசிந்து ஒளிரும், அதையும் பிடிக்கலாம். தாழப் பறப்பதற்கு இந்த வித்தை உதவாது.

இரண்டாவது, ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது. 740 கிமீ உயரத்தில் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளி நொடிக்கு 6.7 கிமீ ஓடும். கணக்குக்காகப் படப்புள்ளி 100 மீட்டர் என்று வைத்தால் நொடிக்கு 67 படப்புள்ளி நகரும். ஆகவே பார்வையைத் தரையின் ஒரே துண்டில் கட்டி வைத்து, அடுத்தடுத்த படங்களைக் கழிக்க வேண்டும். அசையாதது மறையும், அசைந்தது மிஞ்சும். அப்படிக் கட்டி வைப்பதில் பத்தில் ஒரு படப்புள்ளி பிசகினாலும், அதாவது 10 மீட்டர் பிசகினாலும், ஏரிக்கரையும் மேக ஓரமும் கழியாமல் மிஞ்சி, விமானம்போலவே தெரியும். அந்த 10 மீட்டர், 740 கிமீ தூரத்துக்கு வெறும் 2.8 வில்நொடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி). ஆயிரக்கணக்கான உணரிகளை ஒரே தகட்டில் கட்டம் கட்டமாக அடுக்கி இதைச் செய்ய முடியுமா என்பதைத்தான் டீல் ரூபி சோதிக்க இருந்தது. உங்கள் பிள்ளைகள் காட்ட வேண்டியதும் இந்தக் கழித்தலைத்தான். மாதிரி பக்கத்தில் நிற்கட்டும்.

---

கருப்பூர் சர்க்யூட் பதில்:

லேடீஸ் சீட் யோசனைக்குக் கணக்கு போட்டுப் பாத்துடுவோம் மேடம்.

பள்ளி பட்ஜெட்ல கிடைக்கிறது எம்எல்எக்ஸ்90640-ங்கிற சின்ன வெப்பக் கேமரா உணரி. 32 × 24, மொத்தம் 768 படப்புள்ளி. 55 × 35 பாகை பார்க்கிற வகையை வாங்குங்க. 110 பாகை வகை வேண்டாம், தூரத்துல ஒண்ணும் தெரியாது. 55 பாகை வகையில ஒரு படப்புள்ளி அகலம் 1.7, உயரம் 1.5 பாகை. அதாவது 100 மீட்டர்ல சுமார் 3 × 2.5 மீ, 300 மீட்டர்ல 9 × 7.6 மீ, 1 கிமீல 30 × 25 மீ.

காரோட பக்கவாட்டு 6 சதுர மீட்டர்னு வைங்க, சுற்றுப்புறத்தை விட 10 பாகை சூடு. 300 மீட்டர்ல அது படப்புள்ளியில 8.7 சதவீதம்தான் நிரப்பும், அதனால 0.87 பாகை வித்தியாசம் வரும். 1 கிமீல 0.08 பாகை. இந்த உணரியோட இரைச்சல் 1 ஹெர்ட்ஸ்ல 0.1 பாகை, 4 ஹெர்ட்ஸ்ல அது ரெண்டு மடங்கு. அப்ப லேடீஸ் சீட்ல இருந்து கார் இரைச்சலுக்குள்ள மூழ்கிடும். பேருந்து 30 சதுர மீட்டர்னா 1 கிமீல 0.4 பாகை, இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தெரியும். 100லிருந்து 300 மீட்டருக்குள்ள ரோடு தெரியிற ஒரு மொட்டை மாடிதான் சரியான இடம். பள்ளி மாடியே போதும்.

மலைப்பாதையிலதான் செய்யணும்னா 20 கொண்டை ஊசி வளைவுல எதுலயும் நின்னு கருவி வைக்காதீங்க. வண்டிக்காரருக்கும் ஆபத்து, குரங்கு ஒயரைப் பிடுங்கிட்டுப் போகும். பனி இறங்கிட்டா 8-14 மைக்ரானும் போச்சு, திரை வெறும் சாம்பல்தான்.

இணைப்பு சுலபம். 3.3 வோல்ட், தரை, தகவல் போக ரெண்டு ஐ-டூ-சி ஒயர். 5 வோல்ட் நேரா கொடுத்தா உணரி செத்துடும். ராஸ்பெர்ரி பைங்கிற சின்னக் கணினியில ஐ-டூ-சி வேகம் வழக்கமா 100 கிலோஹெர்ட்ஸ், அதை 400 ஆக்குங்க, இல்லன்னா படம் பாதியிலயே நிக்கும். ஒயர் 20 செமீக்கு மேல வேண்டாம். உணரி சதுரங்கப் பலகை மாதிரி பாதிப் புள்ளிகளை ஒரு தடவை, மீதியை அடுத்த தடவைன்னு தரும். அதனால 4 ஹெர்ட்ஸ்னு வச்சா முழுப்படம் நொடிக்கு 2தான். இதை மறந்துட்டுக் கழிச்சா திரை பூரா கட்டம் கட்டமா மின்னும், பசங்க உணரி கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாங்க.

மின்சாரம் கொடுத்ததும் 4 நிமிஷமாவது சும்மா விடுங்க, உள்சூடு நிலைக்கணும். காத்து பட்டா அளவு ஆடும், அதனால தெர்மோகோல் பெட்டிக்குள்ள வைங்க. முன்னாடி ஜன்னலுக்குக் கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டா எதிர்ல நிக்கிறவங்க சூடுதான் பிரதிபலிக்கும், வெளியே எதுவும் தெரியாது. மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்து ஒட்டுங்க. பிவிசி தாளும் செல்லோபேனும் ஆகாது.

நிரல்ல முதல்ல 20 முழுப்படம் எடுத்து ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சராசரியும் சிக்மாவும் (இரைச்சல்ல அளவு எவ்வளவு ஆடுதுங்கிற திட்ட விலக்கம்) கண்டுபிடிங்க. மூலைப் புள்ளிகளுக்கு இரைச்சல் ஜாஸ்தி, எல்லாத்துக்கும் ஒரே எல்லை வச்சா மூலையில பொய் எச்சரிக்கை கொட்டும். அப்புறம் புதுப் படத்துல இருந்து சராசரியைக் கழிச்சு சிக்மாவால வகுங்க.

எல்லையை எங்க வைக்கிறதுங்கிறதுதான் இந்தச் சோதனையோட உயிர். 3 சிக்மா வச்சா 768 புள்ளியில ஒரு படத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை, மணிக்கு 7,000-க்கு மேல. 5 சிக்மா வச்சா மணிக்கு ஒண்ணோ ரெண்டோ, ஆனா 300 மீட்டர் கார் 4 சிக்மாதான், அதுவும் சேர்ந்து காணாமப் போகும். வழி என்னன்னா 4 சிக்மா வச்சு, அடுத்தடுத்து மூணு படத்துல பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில வந்தா மட்டும் ஒத்துக்கங்க. 30 கிமீ வேகத்துல போற கார் 9 மீட்டர் புள்ளியைத் தாண்ட ஒரு நொடி ஆகும், அதனால மூணு படத்துல தடம் கிடைக்கும். இரைச்சல் அப்படி வரிசையா வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா 4 சிக்மாங்கிறது சராசரிதான், ஒரு படத்துல மேல, ஒண்ணுல கீழ நிக்கும். தூரம் கூடக் கூட சில கார் தவறும், அதை மறைக்காம எத்தனை வந்தது, எத்தனை பிடிச்சதுன்னு எழுதி வைக்கச் சொல்லுங்க.

நேரம் ரொம்ப முக்கியம். மத்தியானம் தார் ரோடு காரை விடச் சூடு, அப்ப கார் குளிர்ந்த புள்ளியா வரும். காலையிலயும் சாயங்காலமும் ரெண்டும் ஒரே சூட்டுக்கு வர்ற ஒரு நேரம் உண்டு, அப்ப வண்டியே மறைஞ்சுடும். விடிகாலை சிறந்தது. மேக நிழல் ஓடுற நாள்ல சராசரியை நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பிங்க.

கடைசியா முக்காலியை ஒரு விரலால லேசா தட்டச் சொல்லுங்க. கட்டட ஓரம், மர ஓரம் எல்லாம் பளிச்சுனு எழும்பும். மேல சொன்ன 2.8 வில்நொடி ஏன்னு நடுவருக்கு வேற விளக்கமே வேண்டாம்.

4.3 மைக்ரானை இந்த உணரியில காட்ட முடியாது. அதுக்கு எம்எச்-இசட்19 கார்பன் டை ஆக்சைடு உணரியைப் பக்கத்துல வைங்க. உள்ள ஒரு சின்ன விளக்கும் 4.26 மைக்ரான் வடிகட்டியும் இருக்கு. மேல ஊதினா எண் எகிறும். மூச்சுக்காத்து அந்த அலைநீளத்தை விழுங்குதுன்னு நேரா காட்டலாம்.

---

ஓமலூர் குளிர்நிலை பதில்:

குளிரூட்டலை விட்டுவிடாதீர்கள். உணரியும் தொலைநோக்கியும் தாமே சூடாக இருந்தால் அவற்றின் ஒளிர்விலேயே விமானம் மூழ்கிவிடும். டீல் ரூபியில் இரண்டு அடுக்குத் திண்மக் குளிரூட்டி: உள்ளே உறைந்த நியான், வெளியே காவலாக உறைந்த மீத்தேன். இரண்டும் வெற்றிடத்தில் பதங்கமாகி வெளியேறும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஓடும் பாகம் இல்லை, அதிர்வு இல்லை. 2.8 வில்நொடிக் கணக்கில் அதிர்வே இல்லாத குளிரூட்டி எவ்வளவு பெரிய வரம் என்று பாருங்கள்.

ஏன் இரண்டு? நியான் ஒரு கிலோ பதங்கமாக எடுக்கும் வெப்பம் சுமார் 100 கிலோஜூல், மீத்தேனுக்கு சுமார் 600. எடுத்துக்காட்டாக, நியானுக்கு 0.1 வாட் மட்டும் வந்தாலே ஓராண்டுக்கு 31 கிலோ நியான் தீரும். அறைச் சூட்டிலுள்ள சுவரை நியான் நேராகப் பார்க்கக் கூடாது. இடையில் 65 கெல்வின் மீத்தேன் சுவர் நின்றால், கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படிக்கு மாறுவதால், உள்ளே போவது சுமார் 450 மடங்கு குறையும். வெளிச்சூட்டை மலிவான மீத்தேன் தாங்கும்.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை. தரையில் நியானை உறைந்த நிலையிலேயே வைத்திருக்க, குழாய்ச் சுருள் வழியே திரவ ஹீலியம் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏவுதல் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அந்த வேலை நீளும்.

கண்காட்சிக்கு உலர்பனிக்கட்டி 1 கிலோ, தெர்மோகோல் பெட்டி இரண்டு (ஒன்றுக்குள் ஒன்று), சமையலறைத் தராசு. முதலில் உள்பெட்டியை வெறும் காற்றில் வைத்து அரை மணிக்கொருமுறை எடை எடுங்கள். உலர்பனிக்கட்டி கிலோவுக்கு 571 கிலோஜூல். மணிக்கு 100 கிராம் குறைந்தால் உள்ளே வரும் வெப்பம் 16 வாட். பிறகு அதே பெட்டியைச் சாதாரண ஐஸ் நிரப்பிய பெரிய பெட்டிக்குள் வையுங்கள். சேலத்து 32 பாகையிலிருந்து மைனஸ் 78.5-க்கு இருந்த இறக்கம் 0-விலிருந்து மைனஸ் 78.5 ஆகிறது. எடை இழப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைய வேண்டும். ஐஸ்தான் மீத்தேன், உலர்பனிக்கட்டிதான் நியான். உள்பெட்டியின் ஆறு பக்கமும் ஐஸ் சூழாவிட்டால் 30 வராது. பெரும்பாலும் மூடியில்தான் இடைவெளி விடுவார்கள்.

பளபளக்கும் தாள் சுற்றினால் இன்னும் குறையும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். அவ்வளவாகக் குறையாது. வெற்றிடத்தில்தான் அந்தத் தாள் பெரிதாக வேலை செய்யும், இங்கே வெப்பம் காற்று வழியாகவும் தெர்மோகோல் வழியாகவும் வருகிறது. அதையும் அளந்து எழுதினால் நல்ல பாடம்.

எச்சரிக்கை: மூடியை இறுக்கி ஒட்டக் கூடாது, வாயு போக வழி வேண்டும். பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். தடித்த கையுறை, திறந்த ஜன்னல் கட்டாயம். உலர்பனிக்கட்டி கிடைக்காவிட்டால் பதங்கமாதலை மட்டும் கற்பூரத்தில் காட்டலாம், குளிர்ச்சியை அதில் அளக்க முடியாது.

---

அயோத்தியாபட்டணம் ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. அதே செயற்கைக்கோளில் பாதரச அயனி உந்தி ஒன்றும் இருந்ததாகப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். பழைய வெப்பமானிகளில் உள்ள பாதரசத்தை ஒரு குப்பியில் சேர்த்துக் காட்சிக்கு வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

---

கொண்டலாம்பட்டி அயனி பதில்:

வேண்டாம் அம்மா, ஒரு சொட்டுகூட வேண்டாம். வெப்பமானியை உடைக்கும்போதே ஆவி அறையில் பரவும். சேலத்து வெயிலில் இன்னும் வேகமாக. சிதறினால் தரைப் பிளவில் போய் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பாதரச அளவைக் காட்ட, அதே கன அளவு சாயத்தண்ணீரைக் குப்பியில் வையுங்கள்.

எவ்வளவு என்று கணக்கிடலாம். பாதரச அணுக்களை அயனியாக்கி, மின்புலத்தால் வேகமாக வெளியே தள்ளி உந்தும் அந்தச் சோதனையின் பெயர் ஐஏபிஎஸ் (துணை அயனி உந்து அமைப்பு), நாசாவின் லூயிஸ் மையம் கொடுத்தது. 8 செமீ விட்டமுள்ள இரண்டு உந்திகள், ஒவ்வொன்றின் உந்துவிசை சுமார் 5 மில்லிநியூட்டன், அதாவது அரை கிராம் எடையின் அழுத்தம். 7,055 மணி நேர ஓட்டமும் 2,557 முறை அணைத்து ஏற்றுவதும் இலக்கு. தகவல் தொடர்புச் செயற்கைக்கோளைப் பல ஆண்டுகள் இடம் பிசகாமல் நிறுத்தும் வேலைக்கு ஒத்திகை. தன் உந்தம் (உந்துபொருளை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறது என்பதன் அளவு) 2,500 நொடி என்று வைத்தால் பாதரசச் செலவு நொடிக்கு 0.2 மில்லிகிராம். 7,055 மணிக்கு சுமார் 5.2 கிலோ. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் கன அளவு 380 மில்லிதான். பாதரசத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அந்தக் குப்பியே விடை: அணு எடை 200, திரவம், சின்னத் தொட்டி போதும், அயனியாக்க 10.4 எலெக்ட்ரான் வோல்ட் போதும். செனானுக்கு 12.1 வேண்டும், அழுத்தத் தொட்டியும் வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். வேகமான அயனி, வழியில் அயனியாகாத அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்தால், அந்த அணு மெதுவான அயனியாகி, முடுக்கும் கம்பி வலைக்கே இழுக்கப்பட்டு மோதி மாலிப்டினத்தைச் செதுக்கும். செதுங்கிய துணுக்கு இரண்டு வலைகளுக்கு நடுவே பாலம் போட்டால் குறுக்குச் சுற்று. 1970-இல் பறந்த செர்ட்-2 செயற்கைக்கோளில் இப்படித்தான் உந்திகள் நின்றன. அதே உலோகமும் பாதரசமும் சூரியத் தகட்டிலும் குளிர்ந்த கண்ணாடியிலும் படியுமா என்பதைப் பறக்கும்போதே அளப்பது ஐஏபிஎஸ்ஸின் நோக்கங்களில் ஒன்று. அலுமினியத்தைப் பாதரசம் அரித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 2022-இல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் செயற்கைக்கோள் உந்திகளில் பாதரசத்தை 2025-க்குள் ஒழிக்க முடிவெடுத்தன. இதை அட்டையில் பெரிதாக எழுதுங்கள்.

செய்முறைக்கு, பள்ளியில் வாண்டி கிராஃப் இயற்றி இருந்தால் அதன் தலையில் ஊசிமுனைச் சக்கரம் வையுங்கள். கம்பி முனைகள் எல்லாம் ஒரே திசையில் வளைந்து, கூர்மையாக இருக்க வேண்டும். மழை நாளில் சுற்றாது, மின்னூட்டம் ஈரக்காற்றில் கசிந்துவிடும். ஒரு வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்: சக்கரம் சுற்றியுள்ள காற்றைத் தள்ளித்தான் சுற்றுகிறது, விண்வெளி உந்தி தான் சுமந்து போன அணுக்களைத் தள்ளுகிறது.

---

சேர்வராயன் அடிவாரம்:

அட்டைக்கு இரண்டு தகவல். எஸ்டிஎஸ்-62-ஏ-வில் டீல் ரூபியோடு போக இருந்த சிரிஸ் என்ற குளிரூட்டிய அகச்சிவப்புக் கருவி வீணாகவில்லை, 1991 ஏப்ரலில் எஸ்டிஎஸ்-39-இல் டிஸ்கவரியிலேயே பறந்தது. திண்மக் குளிரூட்டியோடு பின்னால் பறந்த ராணுவச் செயற்கைக்கோளுக்கு எம்எஸ்எக்ஸ் நல்ல உதாரணம்: 1996 ஏப்ரலில் வாண்டன்பெர்க்கிலிருந்து போனது, உறைந்த ஹைட்ரஜன் சுமார் பத்து மாதத்தில் தீர்ந்தது. ஓமலூர்க்காரர் சொன்ன எடை இழப்பு வரைபடத்துக்குப் பக்கத்தில் இதை ஒட்டலாம்.

கருவிப்பெட்டியை மாடியில் வைக்கும்போது ரோட்டை மட்டும் பார்க்கும்படி திருப்பி, எதிர்வீட்டு ஜன்னல்கள் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சி அறைக்குள் மின்விசிறி ஓடினால் தெர்மோகோல் பெட்டியின் பாலித்தீன் படபடத்து இரைச்சல் கூடும், தாளை நான்கு பக்கமும் செலோடேப்பால் இறுக்கி ஒட்டிவிட்டு, அந்த 20 படச் சராசரியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.